துத்தநாகத்துக்கு ஒரு மேற்சட்டை

வாசகர்களே, உங்கள் வீட்டில் டார்ச் லைட் இருக்கிறதல்லவா? எழுந்து போய் அதன் பின்மூடியைத் திருகித் திறந்து பாருங்கள். ஆறேழு மாதமாக யாரும் தொடாமல் கிடந்தது என்றால், பாதி வீடுகளில் என்ன தென்படும் என்று நான் இங்கிருந்தே சொல்லிவிடுவேன். பேட்டரியின் அடிப்பக்கம் பொத்துப்போய், பிசுபிசுவென்று ஏதோ வடிந்து, சுருள்கம்பியில் வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருக்கும். கிரியான் ஆறு பெருகி, மின்சாரமும் நின்றுபோன ராத்திரியில்தான் நமக்கு அது தெரியவரும். விளக்கைத் தொடையில் இரண்டு தட்டுத் தட்டிப் பார்ப்போம். எரியாது. பேட்டரிக்காரனைத் திட்டிவிட்டு மெழுகுவத்தி தேடப் போய்விடுவோம்.

வடிந்தது எது, பொத்துப்போனது எது என்று யாரும் கேட்பதில்லை. இந்தக் கட்டுரை அந்தப் பொத்தலைப் பற்றியதுதான். சிறிய விஷயம் என்று எண்ணிவிடாதீர்கள். அந்தப் பொத்தலை வெல்வதற்காக உலகத்து விஞ்ஞானிகள் ஏறக்குறைய 200 ஆண்டுகளாகப் பாடுபட்டு வருகிறார்கள். அவர்களில் சிலர், பண்டார் பாருவில் இருக்கும் நமக்கு ஆற்றைத் தாண்டினால் எட்டும் தூரத்திலேயே இருக்கிறார்கள்.

பொத்துப்போனது துத்தநாகம் என்ற உலோகம். 'ஜிங்க்' என்றால் உங்களுக்கு உடனே விளங்கும். நம் லயன் வீடுகளின் கூரையைத் தகரம் என்கிறோமே, அது உண்மையில் தகரமன்று. தகரம் என்பது வெள்ளீயம். கூரையில் இருப்பது இரும்புத் தகடு. உருக்கிய துத்தநாகத்தில் அதை முக்கி எடுத்திருக்கிறார்கள். 1837ஆம் ஆண்டில் சோரல் என்ற பிரெஞ்சுக்காரர் இந்த முறைக்கு உரிமை வாங்கினார். வெறும் இரும்பாக இருந்தால் நம் ஊர் மழைக்கு நாலைந்து வருஷத்தில் கூரை சல்லடையாகிவிடும். மேலே துத்தநாகம் இருப்பதால் முப்பது நாற்பது ஆண்டுகூடத் தாங்குகிறது. அதில் ஒரு கீறல் விழுந்தாலும், பக்கத்திலுள்ள துத்தநாகம் முதலில் தன்னை அழித்துக்கொண்டு இரும்பைக் காப்பாற்றுகிறது. வீட்டுக்கு மூத்தவன் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அப்படியானால் இரும்பைக் காக்கும் துத்தநாகத்தை எது காக்கிறது?

அதற்கும் கூரையிலேயே விடை உண்டு. மழையில் நனைந்து, பிறகு காற்றும் வெயிலும் பட்டுக் காயும்போது, துத்தநாகம் காற்றில் உள்ள கரிவாயுவோடு கூடித் தன் மேலே ஒரு மெல்லிய சாம்பல் நிறத் தோலை வளர்த்துக்கொள்கிறது. பளபளவென்று வந்த புதுத் தகரம் இரண்டொரு வருஷத்தில் மங்கிப்போவது அதனால்தான். மங்கியது கெட்டதற்கு அடையாளமன்று, தோல் முளைத்ததற்கு அடையாளம். ஆனால் புதுத் தகரங்களை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி மழையில் போட்டு வைத்துப் பாருங்கள். இடுக்கில் காற்றுப் புகாமல் ஈரம் மட்டும் தங்குவதால் வெள்ளை வெள்ளையாகப் பொடி பூத்துவிடும். காற்று பட்டால் நல்ல தோல், ஈரத்திலேயே ஊறிக் கிடந்தால் சொறி. துத்தநாகத்தின் குணம் இதுதான்.

பேட்டரிக்குள் அது எந்நேரமும் ஈரத்தில்தான் கிடக்கிறது. கதையெல்லாம் அங்கே ஆரம்பமாகிறது.

கட்டைக்குள் என்ன இருக்கிறது?

பழைய மாதிரி டார்ச் பேட்டரி ஒன்றை எடுத்துக்கொள்வோம். நடுவிலே ஒரு கரிக்குச்சி. அதைச் சுற்றி மாங்கனீஸ் கலந்த கறுப்புத் தூள். அதற்கு வெளியே உப்புச் சரக்கு கலந்த ஈரப்பசை. இவ்வளவையும் தாங்கி நிற்கும் டப்பாதான் துத்தநாகம். 1866ஆம் ஆண்டில் லெக்லாஞ்சே என்ற பிரெஞ்சுக்காரர் வகுத்த முறையை, 1886ஆம் ஆண்டில் காஸ்னர் என்ற ஜெர்மானியர் சிந்தாத கட்டையாக்கிக் கொடுத்தார். விளக்கைப் போட்டவுடன் துத்தநாகம் கரையத் தொடங்குகிறது. ஒவ்வோர் அணுவும் இரண்டு மின்துகள்களைக் கம்பி வழியாக அனுப்பிவிட்டுத் தான் பசைக்குள் இறங்கிவிடுகிறது. அந்த மின்துகள்களின் ஓட்டமே வெளிச்சம். ஆக, டார்ச் லைட் எரியும்போது பேட்டரி தன் சுவரையே தின்று நமக்கு வெளிச்சம் தருகிறது. சுவரைத் தின்றால் பொத்தல் விழாமல் என்ன செய்யும்?

விளக்கைப் போட்டால் கரையட்டும், அது நியாயம். போடாதபோதும் ஏன் கரைகிறது? இங்கேதான் 1830ஆம் ஆண்டுக்குப் போக வேண்டும்.

இங்கிலாந்தில் வில்லியம் ஸ்டர்ஜன் என்று ஒருவர். செருப்புத் தைக்கும் தொழில் பழகியவர். பிறகு பட்டாளத்தில் சேர்ந்தார். கணக்கும் விஞ்ஞானமும் தாமாகவே படித்தார். உலகத்தின் முதல் மின்காந்தத்தை 1825இல் செய்து காட்டியவர் இவர்தான். பெரிய படிப்பாளிகளுக்குப் பிடிபடாத ஒன்றை இந்தச் செருப்புத் தொழிலாளி பிடித்தார். துத்தநாகத் தகட்டின் மேல் பாதரசத்தைத் தேய்த்துவிட்டால், உபயோகிக்காத நேரத்தில் அது கரைவது பெரும்பாலும் நின்றுவிடுகிறது! காரணம் இதுதான். துத்தநாகத்துக்குள் இரும்பு முதலிய அழுக்குகள் புள்ளி புள்ளியாகக் கிடக்கும். ஒவ்வொரு புள்ளியும் பக்கத்துத் துத்தநாகத்தோடு சேர்ந்து ஒரு குட்டிப் பேட்டரியாக மாறி, யாருக்கும் பயனில்லாமல் அதைக் கரைத்துக்கொண்டிருக்கும். பாதரசம் மேலே படர்ந்தால் எல்லா இடமும் ஒரே சீராகிவிடுகிறது. நம் வீட்டுப் பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசினால் புளிக்குழம்பு களிம்பேறாமல் இருப்பதைப் போல என்று சொல்லலாம்.

துத்தநாகத்துக்கு மனிதன் போட்ட முதல் சட்டைகளில் ஒன்று அந்தப் பாதரசப் பூச்சு. 160 ஆண்டுகளுக்கு மேல் அது நீடித்தது. நம் அப்பாமார் விடியுமுன் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு பால்வெட்டப் போன காலத்துப் பேட்டரிகளிலும் சிறிது பாதரசம் இருந்தது. நாம் பிள்ளைகளாக இருந்தபோது செத்த பேட்டரியைக் கல்லால் உடைத்துக் கரிக்குச்சி எடுத்து விளையாடினோமே! குப்பையோடு போட்டுக் கொளுத்தினோமே! அந்தப் புகையில் பாதரசம் போனது யாருக்குத் தெரியும்?

பாதரசம் நரம்பைக் கெடுக்கும் நஞ்சு. ஜப்பானில் மினமாட்டா என்ற ஊரில், ஓர் ஆலை கடலில் விட்ட கழிவில் இருந்த பாதரசம் மீனில் சேர்ந்து, மீனைத் தின்ற மக்கள் கை கால் விளங்காமல் போன கொடுமை 1956ஆம் ஆண்டில் வெளிப்பட்டது. அதன்பின் உலகம் விழித்துக்கொண்டது. 1990களில் பேட்டரித் தொழிற்சாலைகள் பாதரசத்தைக் கைவிட்டன. 1996இல் அமெரிக்கா சட்டமே போட்டுத் தடுத்தது. இப்போது கடையில் வாங்கும் கட்டைகள் பலவற்றில் பாதரசம் இல்லை என்று அச்சிட்டிருப்பதைக் காணலாம். அதற்குப் பதிலாகத் துத்தநாகத்தைத் தூய்மையாக்கி, இண்டியம், பிஸ்மத் என்ற உலோகங்களைத் துளித்துளி சேர்க்கிறார்கள்.

மறுபடி சார்ஜ் செய்யமுடிந்தால்?

மேலே சொன்னதெல்லாம் ஒரு தடவை எரித்துவிட்டுத் தூக்கியெறியும் பேட்டரி. கரைந்த துத்தநாகத்தைத் திரும்பவும் தகட்டில் படியவைக்க முடிந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்! முடியும். மின்சாரத்தை எதிர்த்திசையில் செலுத்தினால், கரைசலுக்குள் போன துத்தநாகம் தகட்டுக்குத் திரும்பும். அயர்லாந்தில் டிரம் என்ற விஞ்ஞானி செய்த நிக்கல்-துத்தநாக பேட்டரியைக்கொண்டு 1932 முதல் 1949 வரை டப்ளின் நகரத்திலிருந்து ரயிலே ஓட்டினார்கள். எனவே ஆசை புதியதன்று. தொல்லையும் புதியதன்று.

தொல்லை என்னவென்றால், போன துத்தநாகம் போன இடத்துக்கே திரும்புவதில்லை. காலையில் பிரட்டு முடிந்து ஆட்கள் தத்தம் நிரைக்குப் போகிறார்கள். சாயங்காலம் அவரவர் வீட்டுக்குத் திரும்பாமல், எல்லோரும் முதல் லயத்தின் முதல் வீட்டு வாசலிலேயே வந்து குவிந்தால் என்னவாகும்? துத்தநாகம் அதைத்தான் செய்கிறது. தகட்டில் எந்த இடம் கொஞ்சம் மேடாக இருக்கிறதோ அங்கே மின்விசை அதிகம். திரும்பி வருவதெல்லாம் அந்த மேட்டிலேயே ஏறும். மேடு இன்னும் மேடாகும். நாளடைவில் ஊசி ஊசியாக, கிளை கிளையாக முள் முளைத்துவிடும். அந்த முள் நீண்டு, நடுவிலுள்ள தடுப்பைத் துளைத்து எதிர்ப்பக்கத்தைத் தொட்டால் பேட்டரியின் ஆயுள் அத்தோடு முடிந்தது.

இது ஒன்று. இன்னொன்று, கரைசலில் உள்ள தண்ணீர் சும்மா இராமல் துத்தநாகத்தோடு வினைபுரிந்து ஹைட்ரஜன் வாயுவைக் கிளப்பும். பேட்டரி உப்பும். கூரைத் தகரத்தில் பூத்ததைப் போன்ற வெள்ளைச் சொறி தகட்டில் படிந்து, மின்சாரம் போக வழியில்லாமல் அடைத்துக்கொள்ளும்.

அப்படியானால் நல்லதாக ஒரு பெயிண்ட் அடித்துத் துத்தநாகத்தை மூடிவிட்டால் என்ன? ஆறாம் வகுப்புப் பிள்ளைகளோடு இதைச் செய்து பார்க்கலாம். நானும் பார்த்திருக்கிறேன். நாலு எலுமிச்சம்பழம், துத்தநாகம் பூசிய நாலு ஆணி, செம்புக் கம்பி, சிவப்பு நிறத்தில் எரியும் சிறு எல்.இ.டி. விளக்கு ஒன்று. ஒவ்வொரு பழத்திலும் ஓர் ஆணியும் ஒரு செம்புத் துண்டும் குத்தி வரிசையாக இணைத்தால் விளக்கு மினுக்கென்று எரியும். இப்போது ஓர் ஆணியை மட்டும் எடுத்து, நகப்பூச்சைத் தலைமுதல் அடிவரை நன்றாகப் பூசிக் காயவைத்துத் திரும்பக் குத்துங்கள். அந்த ஆணியைப் புளிப்பு தொடாது, கரையாது, பத்திரமாக இருக்கும். விளக்கும் எரியாது! ஒரு பெண்பிள்ளை சொன்னாள்: "ஆணி நல்லாத்தான் இருக்கு சார், ஆனா வேலைக்குத்தான் வரமாட்டேங்குது."

அவள் சொன்னதில் முழு விஷயமும் அடங்கிவிட்டது. துத்தநாகத்தின் சட்டை கொசுவலையைப் போல் இருக்க வேண்டும். காற்று வரவேண்டும், கொசு வரக்கூடாது. துத்தநாகம் போய்வர வழி வேண்டும், தண்ணீர் அதன்மேல் தாராளமாக விழுந்து புரளக்கூடாது. அதோடு, திரும்பிவரும் துத்தநாகம் ஒரே மேட்டில் குவியாமல், எல்லா ஓட்டை வழியாகவும் பிரிந்து சீராக இறங்க வேண்டும். தலைமயிர் ஒன்றின் பருமனில் பத்தில் ஒரு பங்கோ, சில சமயம் ஆயிரத்தில் ஒரு பங்கோ உள்ள பூச்சு இத்தனையும் செய்ய வேண்டுமென்றால் லேசான காரியமா?

பூச்சுக்கு என்னென்ன எடுத்தார்கள் என்று படித்தபோது எனக்கு வியப்பாக இருந்தது. ஏதோ எட்டாத சரக்காக இருக்குமென்று நினைத்தேன். 2018ஆம் ஆண்டில் சீன விஞ்ஞானிகள் எடுத்தது கால்சியம் கார்பனேட். நாம் கரும்பலகையில் எழுதிய சுண்ணக்கட்டியின் சாதிதான்! அதை மிக மிக நுண்ணிய பொடியாக்கித் துத்தநாகத்தின்மேல் பூசினார்கள். பொடிக்கு இடையிலுள்ள நுண்துளைகள் வழியாகத் துத்தநாகம் இறங்கிப் பூச்சுக்கு அடியில் பரவலாகப் படிந்தது. முள் முளைப்பது குறைந்தது, பேட்டரியின் ஆயுள் நீண்டது. 2020இல் இன்னொரு சீனக் குழு கயோலின் என்ற வெள்ளைக் களிமண்ணைப் பூசியது. பீங்கான் செய்யும் மண் அது. நம் பக்கத்துப் பேரா மாநிலத்தில் தாப்பா, பீடோர் பகுதிகளில் தோண்டி எடுக்கிறார்கள். அந்தக் களிமண்ணின் துளைகள் சல்லடையாக வேலை செய்கின்றன. வெள்ளைப் பெயிண்ட்டில் சேரும் டைட்டானியம் ஆக்சைடைப் பூசியவர்கள் உண்டு. நைலான் இனத்தைச் சேர்ந்த பாலிஅமைடைப் பூசியவர்களும் உண்டு.

அமெரிக்காவில் கார்னெல் பல்கலைக்கழகத்தார் 2019இல் வேறு வழியில் போனார்கள். துத்தநாகம் இயல்பாகவே அறுகோணத் தட்டுத் தட்டாகப் படியும் உலோகம். தட்டுகள் நிமிர்ந்து நின்றால் முள், படுத்துக்கிடந்தால் தளம். ஆகவே கிராஃபீன் என்ற மிக மெல்லிய கரிப்பூச்சை அடித்தளமாக விரித்தார்கள். அதன் அணுவரிசையும் துத்தநாகத்தின் அணுவரிசையும் நன்றாகப் பொருந்துகின்றன. அதனால் முதல் தட்டு படுத்துக்கொண்டது. முதல் தட்டு படுத்தால் அடுத்ததும் அதைப் பார்த்துப் படுக்கிறது. கொத்தனார் முதல் வரி ஓட்டை நேராக வைத்துவிட்டால் மிச்சம் தானாக நேராக வருமல்லவா, அதைப் போல. ஆயிரக்கணக்கான தடவை சார்ஜ் செய்தும் துத்தநாகம் ஒழுங்காகப் போய்வந்தது என்று அவர்கள் எழுதினார்கள்.

ஆற்றுக்கு அக்கரையில்

சீனாவும் அமெரிக்காவும் இருக்கட்டும். பண்டார் பாருவில் நின்று பார்த்தால் ஆற்றுக்கு அந்தப் பக்கம் பாரிட் புந்தார், அது பேரா. கொஞ்சம் தள்ளி நிபோங் திபால், அது பினாங்கு. மூன்று மாநிலம் முட்டிக்கொள்ளும் இடம் நம்முடையது. அந்த நிபோங் திபாலில்தான் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் பொறியியல் வளாகம் 2001ஆம் ஆண்டிலிருந்து இருக்கிறது. நம்மில் எத்தனையோ பேர் அந்த வழியாக மோட்டார் சைக்கிளில் போய்வருகிறோம். உள்ளே என்ன நடக்கிறது என்று எட்டிப் பார்த்ததில்லை.

உள்ளே, மற்ற பல வேலைகளோடு, துத்தநாக-காற்று மின்கலத்தை ஆராய்ந்திருக்கிறார்கள். இந்த வகைப் பேட்டரி உங்களுக்குத் தெரியாததன்று. காது கேட்காத தாத்தாவுக்குக் காதுக்கருவி வாங்கியிருந்தால், அதில் போடும் பொட்டுப் பேட்டரியில் சின்ன ஒட்டுத்தாள் இருக்கும். அதை உரித்த பிறகுதான் பேட்டரிக்கு உயிர் வரும். ஏனென்றால் தாள் மறைத்திருந்த துளைவழியாகக் காற்று உள்ளே போகிறது. ஒருபக்கம் துத்தநாகம், மறுபக்கம் சும்மா கிடைக்கும் காற்று. எடைக்கு எடை மின்சாரம் அதிகம். ஆனால் உள்ளே இருப்பது காரநீர். அது காய்ந்தாலும் தொல்லை, கசிந்தாலும் தொல்லை. துத்தநாகத்தைப் புரட்டிப் புரட்டி அரித்தாலும் தொல்லை.

அந்தக் காரநீரைக் கூழாக்கிக் கட்டிப்போடுவது ஒரு வழி. 2006ஆம் ஆண்டில் அவ்வளாகத்தின் விஞ்ஞானி அகமட் அஸ்மின் முகமட், காரநீரைக் கூழாக்கிச் செய்த துத்தநாக-காற்று மின்கலத்தைப் பற்றி உலக அறிவியல் ஏடு ஒன்றில் எழுதினார். பின்னர் அவரும் அவருடன் வேலை செய்தவர்களும் எதை எதையெல்லாம் சேர்த்துப் பார்த்தார்கள் தெரியுமா? 2009இல் அகார் அகார்! பெருநாளுக்கும் தீபாவளிக்கும் நாம் கலர் போட்டுக் காய்ச்சித் துண்டு போடுகிறோமே, அதேதான். துத்தநாகத் தூளை ஒட்டிப் பிடிக்கும் பசையாக அதை வைத்தார்கள். 2010இல் சவ்வரிசி மாவு! பாயாசத்துக்குப் போடும் சரக்கு பேட்டரிக்குள் போனது. அவர்களுக்கும் முன்னால், 2001இல், மலாயாப் பல்கலைக்கழகத்து ஆராய்ச்சியாளர்கள் மண்ணில்லாமல் செடி வளர்க்க உதவும் கூழ்ச் சரக்கை எடுத்து இதே வேலைக்குப் பரீட்சித்திருந்தார்கள்.

இவை மேற்பூச்சு அல்ல என்று நீங்கள் கேட்கலாம். உண்மைதான். சட்டையை மாற்றாமல், துத்தநாகம் குளிக்கும் தண்ணீரை மாற்றுகிற வழி இது. நோக்கம் ஒன்றுதான்: துத்தநாகத்தை வீணாக அரிக்கவிடாமல் காப்பது. இன்றைக்கு உலகில் நடக்கும் ஆராய்ச்சியில் பாதி சட்டை, பாதி தண்ணீர் என்று சொன்னால் தவறாகாது.

தமிழ்நாட்டிலும் இதற்கென்றே ஓர் இடம் இருக்கிறது. காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம். மின்கலம், உலோகத் துரு, மேற்பூச்சு ஆகிய மூன்றுமே அங்கே முக்கியமான துறைகள். 1948ஆம் ஆண்டு ஜூலை 25ஆம் நாள் நேரு அடிக்கல் நாட்டினார். 1953ஆம் ஆண்டு ஜனவரி 14ஆம் நாள், பொங்கலன்று, டாக்டர் ராதாகிருஷ்ணன் திறந்துவைத்தார். டெல்லிக்கோ பம்பாய்க்கோ போகவேண்டிய நிலையம் செட்டிநாட்டுச் செம்மண்ணுக்கு வந்ததற்குக் காரணம் வள்ளல் அழகப்பச் செட்டியார். 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் தூக்கிக் கொடுத்தார். அவருடைய தொழில்களில் மலாயா ரப்பர்த் தோட்டமும் ஒன்று. செட்டியார் என்றால் கிட்டங்கியும் வட்டிக் கணக்கும்தான் நம் பெரியவர்களுக்கு நினைவு வரும். அந்த ஆராய்ச்சி நிலையத்துச் செங்கல்லில் நம் பாட்டன்மார் வெட்டிய பால் ஒரு சொட்டாவது கலந்திருக்கலாம் என்று நினைத்துக்கொள்வதில் எனக்கு ஒரு சந்தோஷம்.

இன்னும் பின்னால் போனால் துத்தநாகமே நம்மவர் சரக்கு. சாதாரண உலையில் அது உருகி, கொதித்து, புகையாகப் பறந்துவிடும். 907 டிகிரியில் ஆவியாகும் உலோகம் அது. ராஜஸ்தானத்தில் ஜாவர் என்ற ஊரில், கத்தரிக்காய் வடிவ மண்குடுவைகளைத் தலைகீழாக வைத்து, ஆவியைக் கீழே இறக்கிக் குளிரவைத்துத் துத்தநாகம் வடித்தார்கள். ஐரோப்பாவில் அதற்கு உரிமை பதிந்தது 1738இல். ஜாவரில் அதற்குப் பல நூற்றாண்டு முன்பே மலைமலையாகக் குடுவைகள் குவிந்துவிட்டன. இன்றும் அவற்றைக் காணலாம்.

எப்போது கைக்கு வரும்?

ஆராய்ச்சிச் செய்தி படிக்கும்போது ஓர் எச்சரிக்கை தேவை. ஆய்வுக்கூடத்தில் பரீட்சிக்கும் பேட்டரி 20 காசு நாணயத்தளவுதான் இருக்கும். அதில் தடித்த துத்தநாகத் தகட்டை வைத்து, அதில் நூற்றில் நாலைந்து பங்கை மட்டும் கரைத்துத் திரும்பப் படியவைப்பார்கள். பையில் நூறு வெள்ளி வைத்துக்கொண்டு தினமும் ஐந்து வெள்ளியை மட்டும் எடுத்து எடுத்து வைப்பவன், "ஆயிரம் நாள் ஆகியும் என் பணம் குறையவில்லை" என்று சொன்னால் எப்படியோ அப்படி. தகட்டை மெல்லியதாக்கி, பாதிக்குமேல் கரைத்து, பெரிய அளவில் செய்தால் பல பூச்சுகள் உரிந்து கையில் வந்துவிடுகின்றன. துத்தநாகம் போய்வரும்போதெல்லாம் தகடு ஏறி இறங்குகிறது. அதோடு சேர்ந்து சட்டையும் இழுபட வேண்டும். விறைத்த சட்டை கிழியும். 'ஆயிரம் தடவை', 'பத்தாயிரம் தடவை' என்று கொட்டை எழுத்தில் படித்தால், எவ்வளவு பருமன், எவ்வளவு ஆழம் என்று கேட்கப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுங்கள்.

அதற்காக எல்லாம் ஏட்டுச் சுரைக்காய் என்றும் சொல்லிவிட முடியாது. 2018ஆம் ஆண்டில் நாண்ட்எனர்ஜி என்ற அமெரிக்க நிறுவனம், திரும்பத் திரும்பச் சார்ஜ் செய்யும் தன் துத்தநாக-காற்றுப் பேட்டரிகள் ஆசியா, ஆப்பிரிக்காவில் 9 நாடுகளின் 110 சிற்றூர்களில் சூரிய மின்சாரத்தோடு சேர்ந்து வேலை செய்வதாக அறிவித்தது.

கைத்தொலைபேசிக்குள் துத்தநாகம் வந்துவிடும் என்று காத்திருக்க வேண்டாம். அதற்கு லித்தியமே லேசு. துத்தநாகம் கனம். ஆனால் வீட்டு மூலையில் அசையாமல் உட்கார்ந்திருக்கும் பேட்டரிக்குக் கனம் ஒரு குற்றமா? கூரைமேல் சூரியத் தகடு, மூலையில் பேட்டரி, ராத்திரிக்கு இரண்டு விளக்கும் ஒரு காற்றாடியும். வெள்ளக் காலத்தில் மின்சாரம் நின்றாலும் வீடு இருட்டாகாது. லித்திய பேட்டரியின் கரைசல் தீப்பற்றக்கூடியது. துத்தநாக பேட்டரியின் கரைசலில் பெரும்பங்கு தண்ணீர். சுவருக்குச் சுவர் ஒட்டிய லயன் வீட்டில் ஓர் அறையில் தீப்பிடித்தால் எத்தனை குடும்பம் தெருவுக்கு வரும் என்பதை நான் உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. கொசுவலைச் சட்டை நன்றாக அமைந்து, விலையும் நம் கைக்கு எட்டினால், முதலில் பயன்பட வேண்டியவர்கள் நம்மைப் போன்றவர்கள்தான்.

அதுவரை கையில் இருக்கும் கட்டைகளை ஒழுங்காக வைத்துக்கொள்வோம். டார்ச் லைட்டை மாதக்கணக்கில் தொடப்போவதில்லை என்றால் பேட்டரியைக் கழற்றிப் பக்கத்திலேயே வையுங்கள். புதியதோடு பழையதைச் சேர்த்துப் போட்டால் பழையது முதலில் வறண்டு, புதியது அதைப் போட்டு வருத்தி ஒழுகவைக்கும். சார்ஜ் செய்யலாம் என்று எழுதாத கட்டையைச் சார்ஜரில் சொருகவே கூடாது. வெயிலில் காயவைத்தால் பேட்டரிக்கு உயிர் வரும் என்று நம் வீடுகளில் ஒரு வழக்கம் உண்டு. சூட்டில் கொஞ்ச நேரம் துள்ளும், அவ்வளவுதான். அதற்குள் ஒழுகியும்விடும். ஆல்கலைன் வகை ஒழுகிக் கம்பியில் வெள்ளை பூத்திருந்தால், பழந்துணியில் இரண்டு சொட்டு வினிகர் அல்லது எலுமிச்சைச் சாறு தொட்டுத் துடைத்து, பிறகு ஈரத்துணியால் துடைத்துக் காயவிடுங்கள். கையில் பட்டால் தண்ணீரில் நன்றாகக் கழுவுங்கள், கண்ணைக் கசக்கிவிடாதீர்கள்.

தாய்மார்களுக்கு முக்கியமாக ஒன்று. பொம்மையிலும் ரிமோட்டிலும் இருக்கும் நாணயம் போன்ற லித்தியப் பொட்டுப் பேட்டரியைக் குழந்தை விழுங்கிவிட்டால் நாளைக் காலை வரை காத்திருக்கக் கூடாது. இரண்டு மணி நேரத்துக்குள் உணவுக்குழாயைச் சுட்டுப் புண்ணாக்கிவிடும். உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடவேண்டும்.

செத்த பேட்டரியைக் கொளுத்த வேண்டாம், கால்வாயில் எறிய வேண்டாம், உடைத்துப் பார்க்கவும் வேண்டாம். எங்கள் பள்ளியில் பிள்ளைகள் வீட்டிலிருந்து கொண்டுவருவதைச் சேர்த்து வைக்கிறோம். மின்னணுக் குப்பை சேகரிக்கும் நாள் அறிவிக்கும்போது மொத்தமாகக் கொடுத்துவிடலாம். நீங்களும் வீட்டில் ஒரு மூலையில் சேர்த்து வையுங்கள். மைலோ டின் வேண்டாம். தகரத்தில் இரண்டு முனையும் உரசினால் மிச்சமிருக்கும் மின்சாரம் சூடாகும். மூடி இறுகிய பிளாஸ்டிக் டப்பா போதும். முனைகளில் ஒரு துண்டு ஒட்டுநாடாவை ஒட்டிவிட்டுப் போட்டால் இன்னும் நல்லது.